சபர் எளிதாயிருந்த காலம்

'சபர்' என்னும் அரபுச் சொல் தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் என்றோ தமிழ்ச் சொல்லாகிவிட்டது. "வாப்பா சபர் போயிருக்கிறார்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால், கேட்பவருக்கு மேலும் விளக்கம் தேவைப்படுவதில்லை. கடல் கடந்து பொருளீட்டி மீள்பவரைச் 'சபராளி' என்று அழைத்த ஊர்கள் நம் கடற்கரையில் பல உண்டு. பூமியில் சுற்றித் திரிந்து முன்னோரின் முடிவுகளைக் காணுமாறு திருமறை திரும்பத் திரும்ப ஏவுகிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை அளித்த மார்க்கம் நம்முடையது. பயணத்தை வாழ்வின் இயல்பான பகுதியாகக் கருதிய சமுதாயம் நாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

"அந்தக் காலத்துப் பயணம் எவ்வளவு எளிமையாக இருந்தது!" என்று நம் முதியோர் பெருமூச்சு விடுவதை அடிக்கடி கேட்கிறோம். இந்தப் பெருமூச்சை ஆராயாமல் ஏற்பதும் பிழை. கிழவர் பேச்சென்று தள்ளுவதும் பிழை. எது எளிமையாக இருந்தது? யாருக்கு எளிமையாக இருந்தது? அந்த எளிமை எப்போது, எதனால் போயிற்று? இவ்வினாக்களுக்கு விடை காண, நம்மவர் மிகுதியாகச் சென்றுவந்த ஒரு வழியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழகத்திலிருந்து பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் சென்ற வழியே அது.

சம்மான்காரர்

இந்த வழி மிகப் பழையது. மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கையில் இறங்கிப் பாவா ஆதம் மலையைக் கண்டு, அங்கிருந்து புறப்பட்டு மதுரைச் சுல்தானின் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்னரும் பின்னரும் பெயர் பொறிக்கப்படாத எத்தனையோ வணிகர் இதே நீரைக் கடந்தனர்.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களிலிருந்து சென்றோரை இலங்கையில் 'கரையோரச் சோனகர்' என்று அழைத்தனர். 'சம்மான்காரர்' என்னும் பெயரும் அவர்களுக்கு வழங்கியது. சிங்களத்தில் அதுவே 'ஹம்பன்காரயா' ஆயிற்று. சம்மான் என்னும் படகில் வந்தவர் என்பதே அதன் பொருள் எனக் கூறுவர். கொழும்பு புறக்கோட்டையில் செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி அமைந்த சுவர்களோடு விளங்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை அறியாதோர் அரியர். 1908இல் தொடங்கி 1909இல் முடிக்கப்பெற்ற அப்பள்ளியை எழுப்பியவர்கள் இந்திய முஸ்லிம் வணிகப் பெருமக்களே. 'சம்மாங்கோட்டுப் பள்ளி' என்னும் அதன் மக்கள் வழக்குப் பெயரில் அந்தப் படகுக்காரரின் நினைவு இன்றும் தங்கியிருக்கிறது.

வணிகம் மட்டுமா சென்றது? கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இலங்கையின் ஊர்தோறும் சென்று மார்க்கக் கல்வி பரப்பியதை அந்நாட்டு முஸ்லிம்கள் இன்றளவும் நன்றியோடு பேசுகின்றனர். அங்கிருந்து மாணவர் இங்கு வந்தனர். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதிப் பட்டம் பெற்று, 'பாகவி' என்னும் அடையோடு திரும்பிய இலங்கை ஆலிம்கள் பலர். கீழக்கரையில் கிண்டும் தொதலும் அங்குள்ள தொதலும் ஒன்றே. பெருநாள் காலையில் இரு கரையிலும் வட்டிலப்பம் வேகும். ஒரு கரையின் சமையற்கட்டு மறுகரையில் இருந்தது என்றே சொல்லலாம்.

தூத்துக்குடிக் கப்பல்

நீராவிக் கப்பலும் ரயிலும் வந்தபின் இந்த வழி ஒழுங்குபெற்றது. 1876இல் ரயில்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் கொழும்பு சேர்வது வழக்கமாயிற்று. அந்தக் கப்பல்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு உரியவை. கட்டணத்தை நிருணயிப்பவரும் அவர்களே. பயணியை நடத்தும் முறையை நிருணயிப்பவரும் அவர்களே.

இந்த ஏகபோகத்தை எதிர்த்தே வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். அந்த வரலாறு எல்லோரும் அறிந்ததே. எனினும் நம் பிள்ளைகள் தவறாமல் அறிய வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள் விற்று 10 இலட்சம் ரூபாய் திரட்டுவது அக்கம்பெனியின் திட்டம். அவற்றுள் 8,000 பங்குகளை 2 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே முஸ்லிம் வணிகரின் கையிலிருந்து வந்தது!

போட்டி மூண்டது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும் குடை ஒன்று பரிசளிப்பதாகவும் ஆசை காட்டியது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் பயணத்தின் 'எளிமை' கூட யாருடைய கையில் கடிவாளம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

ஒரே சீட்டு

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கடலின் மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடையது அப்பாலம். நடுவில் கப்பல் செல்ல இரு பக்கமும் கைபோல் மேலெழும் தூக்குப் பகுதி இருந்தது. மண்டபத்தோடு நின்ற ரயில், பாம்பன் தீவைக் கடந்து தனுஷ்கோடி வரை ஓடியது. எதிர்க்கரையில் இலங்கை அரசு தன் ரயில்பாதையை மன்னார்த் தீவின் முனையாகிய தலைமன்னார் வரை நீட்டியிருந்தது. இடையே இருந்தது ஏறத்தாழ 22 மைல் கடல். அதைக் கடக்க நீராவிக் கப்பல்கள் விடப்பட்டன. பிற்காலத்தில் இர்வின், கோஷன் என்னும் இரு கப்பல்களின் பெயர்கள் இரு கரை மக்களின் நாவிலும் வீட்டுப் பெயர்போல் புழங்கின.

சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு, ரயிலுக்கும் கப்பலுக்கும் மறுபடி ரயிலுக்குமாகக் கொழும்புக் கோட்டை நிலையம் வரை செல்லுபடியாயிற்று. இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது அந்த வண்டியின் முறையான பெயர். மக்கள் இட்ட பெயர் 'போட் மெயில்'. தனுஷ்கோடித் துறைமேடையில் ரயிலை விட்டிறங்கினால் கப்பல் எதிரே நிற்கும். கடலைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தலைமன்னாரில் இறங்கினால் மறு ரயில் காத்திருக்கும். இங்கே ஓடியது மீட்டர் பாதை. அங்கே ஓடியது அகலப் பாதை. பாதையின் அகலம் மாறியதேயன்றிப் பயணத்தின் தொடர்ச்சி அறுபடவில்லை. மாலையில் எழும்பூரில் ஏறியவர், இரண்டு இரவும் இடையில் ஒரு பகலும் கழித்துக் கொழும்பில் காலைப்பொழுதைக் காண்பார்.

விடுமுறையும் விருந்தும்

அக்காலத்தில் 'விடுமுறைச் சுற்றுலா' என்னும் சொல்லே நம் குடும்பங்களில் வழங்கவில்லை. பள்ளிக்கூடம் மூடினால் பிள்ளைகள் மாமா வீட்டுக்குப் போவார்கள். அந்த மாமா வீடு கொழும்பில் இருந்தால் கொழும்புக்குப் போவார்கள். அவ்வளவுதான். "வருகிற வாரம் போட் மெயிலில் வருகிறோம்" என்று ஓர் அஞ்சலட்டை முன்னே செல்லும். அட்டை போய்ச் சேருமுன் ஆளே போய்ச் சேர்ந்த கதைகளும் உண்டு.

மூட்டை கட்டுவதே ஒரு திருவிழா. ட்ரங்குப் பெட்டி, படுக்கை சுருட்டிய ஹோல்டால், தண்ணீர்க் கூஜா, அடுக்கடுக்கான தூக்குச் சட்டி ஆகியவை கூடத்தில் வரிசையாக நிற்கும். தூக்குச் சட்டியின் ஒரு தட்டில் புளிச்சோறு. மற்றொன்றில் வழியில் கெடாதபடி நன்றாகப் பொரித்த கறி. மறுகரை உறவினருக்கென்று கருவாடும் பனங்கற்கண்டும் ஊறுகாய்ச் சாடியும் தனி மூட்டையாகும். கீழக்கரையினர் மாட்டுவண்டியில் இராமநாதபுரம் நிலையத்துக்குச் செல்வர். வெள்ளைத் துப்பட்டி அணிந்த பெண்கள் ரயிலின் பெண்கள் பெட்டியில் அமர்வர். வழியில் அவர்களுக்குப் பழக்கமாகும் பெண், செட்டிநாட்டு ஆச்சியாகவோ யாழ்ப்பாணத்து ஆசிரியையாகவோ இருக்கலாம். கட்டுச்சோறு கை மாறும். பேச்சும் கை மாறும். தனுஷ்கோடி வருவதற்குள் ஒருவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் மற்றவருக்குத் தெரிந்திருக்கும்.

கொழும்பில் விடுதி அறை தேடியவர் யார்? புறக்கோட்டைக் கடையின் மாடியில் பாய் விரித்தால் அதுவே தங்குமிடம். சாச்சாவின் கடைக் கணக்குப்பிள்ளையே வழிகாட்டி. மாலையில் காலிமுகத்திடலில் காற்று. ஒருநாள் தெகிவளை மிருகக்காட்சிசாலை. துணிவுள்ளோர்க்குக் கண்டியும் நுவரெலியாவும். திரும்பும்போது பெட்டியில் தேயிலையும் கிராம்பும் பட்டையும் மணக்கும். பள்ளி திறந்த பின்னும் பிள்ளைகளின் பேச்சில் சில மாதங்கள் இலங்கைத் தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுகரையினரும் அவ்வாறே வந்தனர். நாகூர்க் கந்தூரிக்கும் ஏர்வாடிக்கும் வந்தோர், பிள்ளையை அரபுக் கல்லூரியில் சேர்க்க வந்தோர், பட்டுச் சேலை எடுக்க வந்தோர், பெண் பார்க்க வந்தோர் என அந்தக் கப்பல் இரு திசையிலும் நிறைந்தே ஓடியது.

இந்தப் பயணத்தில் வசதி என்று சொல்லத்தக்கது என்ன இருந்தது? கரிப்புகை கண்ணை எரிக்கும். மூன்றாம் வகுப்பின் மரப்பலகை முதுகை ஒடிக்கும். காற்றுக் காலத்தில் கப்பல் ஆடினால் உண்டதெல்லாம் வெளியே வரும். இன்றைய வானூர்திப் பயணியோடு ஒப்பிட்டால் அவர்கள் பட்டது பெருந்துன்பமே. ஆயினும் எளிமை என்று அவர்கள் கூறுவது பொய்யன்று. போவதற்கு உறவு என்னும் காரணமே போதுமானதாக இருந்தது. இறங்கும் இடத்தில் தெரிந்த முகம் ஒன்று நின்றது. இடையில் 'நீ யார்?' என்று கேட்பார் இல்லை. இம்மூன்றையுமே அவர்கள் எளிமை என்கின்றனர்.

அதே வழி, வேறு பயணி

இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். 'நீ யார்?' என்று யாரையுமே கேட்கவில்லையா?

அதே ரயிலில், அதே பாலத்தின் மேல், இலங்கையின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் இலட்சக்கணக்கானோர். பாலம் வருமுன் அவர்களுடைய மூதாதையர் தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய்ச் சென்றனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மடிந்தோருக்குக் கணக்கில்லை. பாலம் வந்தபின் அவர்களுக்கென மண்டபம் முகாம் அமைந்தது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசு. கொள்ளைநோய் பரவிவிடும் என்னும் அச்சத்தால் தொழிலாளர் அங்கே நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். அம்மை குத்தப்பட்டு, உடைகள் நோய்க்கிருமி நீக்கப்பட்டு, எண்ணப்பட்டுக் கப்பலேறினர். நம் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் சன்னல் வழியே கடலைப் பார்த்து மகிழ்ந்த அதே மண்டபத்தில், கம்பி வேலிக்கு அப்பால் வேறொரு குடும்பம் வரிசையில் நின்றிருந்தது. அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகளிடம் பயணத்தின் எளிமையைப் பற்றிக் கேட்டால் அவர்கள் வேறு வரலாறு சொல்வார்கள்.

நமக்கும் எல்லாம் இனிமையாக இருந்துவிடவில்லை. பாலம் திறந்த மறு ஆண்டே, 1915ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில், இலங்கையில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. சினம் முதலில் பாய்ந்தது கரையோரச் சோனகரின் கடைகள் மீதே. பள்ளிவாசல்களும் தப்பவில்லை. பல ஆண்டுகள் ஊரைப் பிரிந்து ஈட்டிய பொருள் ஓரிரவில் சாம்பலானதைக் கண்டு திரும்பியோரும் இந்த வழியாகத்தான் திரும்பினர். ஆகவே, பழைய பயணத்தைப் பாடும்போது இவ்விரு செய்திகளையும் விடாமல் சேர்த்தே பாடுவதுதான் வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி.

தாள் வந்தது

அடைப்பு படிப்படியாக நேர்ந்தது. 1939 ஆகஸ்டில், இலங்கையில் இந்தியத் தொழிலாளர்க்கு எதிராக எடுக்கப்பட்ட நடவடிக்கைகளை முன்னிட்டு, கூலித் தொழிலாளர் அங்குச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது. 1947இல் இந்தியாவும் 1948இல் இலங்கையும் விடுதலை பெற்றன. ஒரே பேரரசின் இரு மூலைகளாக இருந்தவை இரு நாடுகளாயின. விடுதலை மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் நாடு என்றால் எல்லை உண்டு. எல்லை என்றால் தாள் உண்டு.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழர் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1949 நவம்பர் முதல் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி மறுகரையில் கால் வைக்க இயலாது என்றாயிற்று. அங்கே கடை வைத்திருந்த நம்மவர் தற்காலிக வதிவிட அனுமதி பெற்று, அதைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அனுமதி முடிந்தால் கடையும் முடிந்தது.

மாமா வீட்டுக்குப் போகப் பிள்ளைக்கு நிழற்படம் வேண்டியதாயிற்று. துப்பட்டிக்குள்ளேயே வாழ்ந்த மூதாட்டி, முகத்தைத் திறந்து புகைப்படக்காரன் முன் அமர வேண்டியதாயிற்று. அதற்கு மனமில்லாமல், மறுகரையில் வாழ்க்கைப்பட்ட மகளைக் காணாமலே கண்மூடிய தாய்மாரைப் பற்றி நம் ஊர்களில் கேட்டிருக்கிறோம்.

தாள் கிடைக்காதவன் இரவில் தோணியேறினான். அவனுக்கு ஒரு பெயர் பிறந்தது: 'கள்ளத்தோணி'. தோணியில் செல்வது நூற்றாண்டுகளாக நடந்த தொழில். 'சம்மான்காரர்' என்றபோது அது படகால் அமைந்த பெயர். 'கள்ளத்தோணி' என்றபோதும் அது படகால் அமைந்த பெயரே. கடலும் அதே கடல். படகும் அதே படகு. இடையில் நுழைந்த ஒரு தாள், வணிகனைத் திருடனாக்கிவிட்டது. காலப்போக்கில் இந்த இழிசொல், முறையாகக் குடியேறித் தலைமுறைகளாக உழைத்தவர் மீதும் வீசப்பட்டது. ஒரு சமுதாயத்தின் வீழ்ச்சியை அளக்க இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரம் போதும்.

காற்றும் போரும்

தாளுக்குப் பின்னும் வழி முற்றாக மூடவில்லை. அதை மூடத் தொடங்கியது காற்று. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் கடல் எழுந்து தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணி வண்டி, பயணிகள் நூற்றுக்கு மேற்பட்டோருடன் அலைகளில் மறைந்தது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மாதா கோயில் யாவும் இடிந்த சுவர்களாயின. ஐம்பது ஆண்டுகள் இரு நாடுகளை இணைத்த ஊர் ஓரிரவில் ஊராக இல்லாமற் போயிற்று. அதன்பின் ரயில் தனுஷ்கோடிக்குச் செல்லவில்லை.

அதே 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள்தான் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வது என்பது அதன் சாரம். இதனால், பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய 'இராமானுஜம்' கப்பலில் விடுமுறைப் பயணியோடு, பிறந்த மண்ணைவிட்டுப் பெட்டி தூக்கிய குடும்பங்களும் வந்திறங்கின. மண்டபம் முகாம் மறுபடியும் நிறைந்தது. முன்பு போவோரை எண்ணிய இடம், இப்போது வருவோரை எண்ணியது.

1983 ஜூலையில் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டளவில் அந்தக் கப்பலும் நின்றது. கடலைக் கடந்து வந்தவர் இப்போது அகதிகள். 1990இல் போரினால் தலைமன்னார் ரயில்பாதை அழிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற பழமையான முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின; அவ்வூரார் புத்தளத்துக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்தது. நம் தாத்தாமார் கப்பலைவிட்டு இறங்கியதும் முதல் ஸலாம் கேட்ட கரையில், ஸலாம் சொல்ல ஆளில்லாமற் போயிற்று.

இன்று வழி இருக்கிறது

2009இல் போர் முடிந்தது. 2011இல் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, சில மாதங்களிலேயே நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. 2023 அக்டோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' என்னும் கப்பல் புறப்பட்டது; வானிலை காரணமாக அது விரைவிலேயே நிறுத்தப்பட, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பலோடு அவ்வழி மீண்டும் திறந்தது. 2025 ஏப்ரல் 6இல் பாம்பனில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. எழும்பூர்–இராமேசுவரம் வண்டியை மக்கள் இன்றும் 'போட் மெயில்' என்றே அழைக்கின்றனர். அந்த ரயிலின் முடிவில் படகு இல்லை. பெயரில் மட்டும் படகு மிதக்கிறது.

வானூர்தியோ 1947 டிசம்பரிலேயே கொழும்புக்கும் சென்னைக்கும் இடையே பறந்துகொண்டிருந்தது. இன்று இரண்டு இரவும் ஒரு பகலும் பிடித்த தூரம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது. கடவுச்சீட்டு இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. உம்ராவுக்கும் துபாய்க்கும் மலேசியாவுக்கும் போய்வருகிறோம். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "கொழும்பிலும் காலியிலும் பேருவளையிலும் நமக்கு யார் இருக்கிறார்கள்?" வாப்பாவின் சாச்சா மகன் ஒருவர் இருந்ததாகச் சொல்வார்கள். பெயர் தெரியாது, தெரு தெரியாது, அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது.

வழியை மூடியவை தாளும் காற்றும் போரும் என்று கூறினோம். அவை நம் கையில் இல்லாதவை. வழி திறந்த பின்னும் போகாமல் இருக்கிறோமே, அதற்கு யாரைக் குறை கூறுவது? இரத்த உறவைச் சேர்ந்து வாழ்வதை ஈமானின் அடையாளமாகவும், அதைத் துண்டிப்பதைப் பெரும்பாவமாகவும் போதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். உறவைப் பார்க்கப் போவதே விடுமுறையாக இருந்த ஒரு வழக்கத்தை விட்டுவிட்டு, முன்பின் அறியாதவர் நடத்தும் விடுதியில் பணம் கட்டித் தங்குவதே விடுமுறை என்று பழகிவிட்டோம். முன்னோர் வைத்துச் சென்ற எளிமையில் நம் கையிலேயே மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான், அதையும் கைவிடலாமா?

பழைய கட்டணத்தையும் பழைய கப்பலையும் யாரும் மீட்டுத் தர இயலாது. தாள் இல்லாத எல்லையும் நம் காலத்தில் வரப்போவதில்லை. ஆனால் பரணில் கிடக்கும் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். புறக்கோட்டை முகவரியிட்ட கடிதம், கொழும்பு முத்திரை விழுந்த அஞ்சலட்டை, அரபுத் தமிழில் உம்மும்மா எழுதிய சீட்டு ஏதேனும் அதில் இருக்கும். வீட்டில் எண்பது வயதைக் கடந்தவர் இருந்தால் அவரருகில் அமர்ந்து, மறுகரையில் உள்ளோரின் பெயர்களைக் கேட்டு, முறைமையோடு எழுதி வைக்கலாம். அவர் போய்விட்டால் அந்தப் பெயர்களும் போய்விடும். பிறகு, அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஒரு தட்டுத் தொதலோடு அந்த முகவரியைத் தேடிப் புறப்படலாம். கதவைத் திறப்பவர் நம்மை அறியாமல் இருக்கலாம். யாருடைய பேரப்பிள்ளைகள் நாம் என்று சொன்னால், இன்ஷா அல்லாஹ், உள்ளே அழைத்துப் பாய் விரிப்பார்.